பிடிபட்டவன் குற்றவாளியா?

மதுரை மூதூரிலே வணிகன் ஒருவன் பிடிபட்டான். அவன் கையில் ஒரு சிலம்பு இருந்தது. அரண்மனையிலும் ஒரு சிலம்பு காணாமற்போயிருந்தது. இரண்டும் ஒன்றே என்று ஒருவன் அரசனிடம் சொன்னான். சொன்னவன் யார்? அரண்மனைச் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன்! கேட்ட மன்னன் ஆராய்ந்தானில்லை. ஊடிச் சென்ற அரசியின் பின்னே விரைந்துகொண்டிருந்தவன், சிலம்பு அவனிடம் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணரும்படி ஏவலரிடம் கூறிவிட்டு நடந்தான். சென்ற ஏவலரிலே சிலர் தயங்கினர். இவன் தோற்றத்தில் கள்வன் குறி காணோமே என்றனர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அந்தத் தயக்கத்தைக் கலைத்தான். ஒருவன் வாளை வீசினான். கோவலன் வீழ்ந்தான்.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காப்பியம் என்று கொண்டாடுவோர் உண்டு. கலையின் களஞ்சியம் என்று பாராட்டுவோர் உண்டு. ஆண்டுதோறும் அதனை மாணவர்க்குப் பயிற்றுவிக்கும் எனக்கோ, அது ஒரு கைதின் வரலாறாகவும் படுகிறது. எண்ணிப்பாருங்கள். எதற்காகப் பிடிக்கிறோம் என்று கோவலனிடம் எவரும் சொல்லவில்லை. உன் பக்கத்து நியாயம் என்னவென்று எவரும் கேட்கவில்லை. ஆயர் சேரியிலே காத்திருந்த மனைவிக்குச் செய்தி அனுப்பவில்லை. அவனை அவைக்கு அழைத்துவந்து அரசன்முன் நிறுத்தவில்லை. இந்த நான்கில் ஒன்று நடந்திருந்தாலும் அவன் உயிர் தப்பியிருக்கும்.

கண்ணகி அவைக்கு வந்தாளே, அப்போதுதான் அந்த வழக்கில் முதன்முதலாக விசாரணை நடந்தது! அப்போதுதான் சான்று கேட்கப்பட்டது. அப்போதுதான் சிலம்பு உடைபட்டது. உள்ளிருந்தது முத்தா மாணிக்கமா என்று பார்க்கப்பட்டது. ஆனால் யாருக்காக? தண்டனை முடிந்து, உடல் குளிர்ந்து, மண்ணில் குருதி உறைந்துபோன ஒருவனுக்காக!

பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலுமா? அதே பாண்டிநாட்டில், 2025 ஜூன் திங்களில், சிவகங்கை மாவட்டத்துக் கோயில் ஒன்றிலே காவலாளியாக வேலை பார்த்த இளைஞர் ஒருவர், நகை காணாமற்போனது என்ற புகாரின்மேல் விசாரணைக்கு இழுக்கப்பட்டார். அவர் நீதிமன்றத்தின் படியை மிதிக்கவேயில்லை. போலீசாரின் பிடியில் இருக்கையிலேயே மாண்டார். உடலெங்கும் காயம். பிடித்தவர்கள்மீதே பின்னர்க் கொலை வழக்கு எழுந்தது. அன்று சிலம்பு, இன்று நகை. இடையிலே எத்தனை நூற்றாண்டு! எத்தனை சட்டம்!

கைது என்பது என்ன? ஒரு மனிதனின் உடலை அரசு தன் பிடிக்குள் கொண்டுவருவது. எதற்காக? ஓடி ஒளியாதிருக்க, சான்றை அழிக்காதிருக்க, சாட்சியை மிரட்டாதிருக்க, மேலும் தீங்கு புரியாதிருக்க, விசாரணை நாளில் நீதிமன்றத்தில் நிற்க. இவ்வளவுதான். இந்தப் பட்டியலில் தண்டிப்பது என்ற ஒன்று இல்லவேயில்லை. தண்டிக்கும் வேலை நீதிமன்றத்துக்கு உரியது. அதுவும் இரு தரப்பும் கேட்டு, சான்றுகளை நிறுத்துப் பார்த்த பின்னர். பிடிப்பவன் வேறு, தீர்ப்பவன் வேறு என்ற பிரிவினை சரிந்தால், மிஞ்சுவது பொற்கொல்லன் பேச்சும் காவலன் வாளுமே.

நம் அரசியல் சட்டம் இதனை உணர்ந்தே எழுதப்பட்டது. அரசியல் நிர்ணய சபையிலே, உயிரையும் உரிமையையும் காக்கும் 21ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி எதுவும் செய்யலாம் என்ற அளவில் சுருங்கிவிட்டது. நடைமுறை நியாயமானதா என்று கேட்கும் உரிமையை அதில் எழுதாமல் விட்டுவிட்டனர். அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்ய, 1949 செப்டம்பர் 15ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் புதியதொரு பிரிவைச் சபைமுன் வைத்தார். அதுவே இன்றைய 22ஆவது பிரிவு. கைதானவனுக்கு அதன் காரணத்தை விரைந்து தெரிவிக்கவேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விடவேண்டும். வழிப்பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும். நடுவர் ஆணையின்றி ஒரு நாழிகையும் கூடுதலாக அடைத்துவைக்கலாகாது. கோவலனுக்கு மறுக்கப்பட்டவற்றை வரிசையாக எழுதிவைத்தாற்போல் இல்லையா?

எழுத்தில் இருந்தது நடப்பில் இல்லை. ஆகவே நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்தது. உத்தரப்பிரதேசத்து இளம் வழக்கறிஞர் ஒருவர் நாட்கணக்கில் காவலில் வைக்கப்பட்ட வழக்கில், கைதுசெய்ய அதிகாரம் இருப்பது வேறு, கைதுசெய்ய நியாயம் இருப்பது வேறு என்று 1994இல் உச்சநீதிமன்றம் எடுத்துரைத்தது. மேற்குவங்கத்திலிருந்து டி. கே. பாசு என்பவர் லாக்கப் சாவுகளைப் பற்றி 1986இல் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1996 டிசம்பரில், அக்கடிதம் பதினொரு கட்டளைகளாக மலர்ந்தது. கைதுசெய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெரியும் வண்ணம் அடையாளம் அணியவேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, நாளும் நேரமும் குறித்து, குடும்பத்தாரோ ஊரில் மதிப்புடையாரோ சாட்சிக் கையெழுத்திடவேண்டும், பிடிபட்டவரும் ஒப்பமிடவேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ செய்தி சொல்லவேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் உடலைப் பார்க்கவேண்டும். ஒரு கடிதம் இத்தனை செய்தது, தோழர்களே!

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய்ப் புதியது வந்திருக்கிறது. பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவாம்! தன்னைக் காக்கும் சட்டத்தின் பெயரையே நாவில் ஏற்ற இயலாமல் நம் உழவர் தவிக்கட்டும் என்று வைத்தார்களோ என்னவோ! பெயர் கிடக்கட்டும். உள்ளே நல்லனவும் உண்டு. கவலை தருவனவும் உண்டு. ஏழாண்டும் அதற்குக் கீழும் தண்டனையுள்ள குற்றங்களில், அழைப்பு அனுப்பி வரச்செய்ய முடியுமானால் கைது வேண்டியதில்லை என்ற பழைய நெறி தொடர்கிறது. கதிரவன் மறைந்த பிறகும் உதிக்கு முன்னும் பெண்ணைக் கைதுசெய்யலாகாது. தவிர்க்கவொண்ணாத நிலையில் மட்டும், பெண் அதிகாரி எழுத்தில் காரணம் காட்டி, முன்கூட்டியே நடுவரின் இசைவு பெறவேண்டும். விசாரணை என்ற பெயரால் பெண்களையோ, 15 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளையோ, 60 வயது கடந்த முதியவரையோ காவல்நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தலாகாது; அவர்கள் இருக்கும் இடத்துக்குச் சென்றே கேட்கவேண்டும். இவை நல்லன. ஆனால், முன்பு முதல் பதினைந்து நாட்களுக்குள் முடிந்துபோகவேண்டிய போலீஸ் காவலை, 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகக் கேட்டுப் பெறலாம் என்று இப்போது வழிவிட்டிருக்கிறார்கள். அது கவலை தருவது. வெளியே வந்தவனை மீண்டும் அந்தக் கொட்டடிக்கு அனுப்பலாம் என்ற அச்சம், அவன் வாயைக் கட்டிப்போடாதா?

அண்மையில் வந்த ஒரு தீர்ப்பைத் தமிழ் இளைஞர் தம் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம் கூறியது: எந்தக் குற்றமாயினும், கைதின் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், பிடிபட்டவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும், உடனே தர இயலாது போனால், நடுவர்முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னராவது தந்தாகவேண்டும். தமிழனுக்குத் தமிழில்! இங்கே வந்து கட்டடம் கட்டும் பீகார்த் தொழிலாளிக்கு அவர் மொழியில்! மொழியுரிமை மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. லாக்கப்பின் கம்பிக்குப் பின்னாலும் அது உயிர் காக்கும்.

இத்தனை காப்பும் எங்கே ஓட்டையாகிறது? கைது தொடங்கும் இடத்திலேயே! "சும்மா விசாரிக்கத்தான், வா" என்று அழைத்துப் போகிறார்கள். கைது என்று எழுதுவதில்லை. எழுதாததால் மணி ஓடத் தொடங்குவதில்லை. 24 மணி நேரக் கணக்கு, எழுதிய நொடியிலிருந்து அவர்கள் போடும் கணக்காகிவிடுகிறது. அதற்கு முந்திய இரவு எந்த ஏட்டிலும் இல்லாத இரவு. அந்த இரவில்தான் எலும்பு முறிகிறது.

1993இல் தென்னார்க்காட்டுக் கம்மாபுரம் காவல்நிலையத்துக்கு, நகைத் திருட்டு என்று சொல்லிக் குறவர் குலத்துத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுபோனார்கள். அவர் தப்பி ஓடிவிட்டார் என்று பிறகு கதை கட்டினார்கள். எழுத்தறியாத மனைவி விடவில்லை. வழக்கறிஞர் சந்துருவின் துணையோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு கொடுத்தார். ஆட்கொணர்வு என்றால் என்ன? அடைத்துவைத்த ஆளை எங்கள்முன் கொண்டுவந்து காட்டு என்று அரசைப் பார்த்து நீதிமன்றம் இடும் ஆணை. கொண்டுவந்து காட்ட ஆள் இல்லை. லாக்கப்பிலேயே அடித்துக் கொல்லப்பட்டிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. கண்ணகியைப் போலவே அந்த அம்மையாரும் கணவன் மாண்டபின்தான் அவையேற முடிந்தது. ஆயினும் ஏறினார், வென்றார், அடித்த காவலர் சிறை சென்றனர்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு கேள்வி எழும். என் வகுப்பில் ஒரு மாணவனே எழுந்து கேட்டான்: "ஐயா, திருடனுக்கும் கொலைகாரனுக்கும் எதற்கு உரிமை? அவன் உரிமை பார்த்தா திருடினான்?" நேர்மையான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும், வாழ்நாள் சேமிப்பை இழந்த முதியவரும் கேட்கும் கேள்வி அது. ஏளனம் செய்து தள்ளக்கூடாது. விடை சொல்லியாகவேண்டும்.

முதல் விடை: அவன் திருடன் என்று நமக்கு எப்படித் தெரியும்? பிடித்தவர் சொன்னார். பிடித்தவருக்கு எப்படித் தெரியும்? இன்னொருவர் சொன்னார். பெரியவர் சொன்னார், ஆகவே உண்மை. ஏட்டில் இருக்கிறது, ஆகவே உண்மை. வழிவழியாக நம்புகிறோம், ஆகவே உண்மை என்று பேசுவோரை நோக்கி நாம் என்ன கேட்கிறோம்? சான்று எங்கே என்று கேட்கிறோம்! அந்தக் கேள்வியைக் கோயில் வாசலில் கேட்டுவிட்டு, காவல்நிலைய வாசலில் விழுங்கிவிடுகிறவன் பாதிப் பகுத்தறிவாளன். காக்கிச்சட்டை சொன்னதால் உண்மை என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

இரண்டாம் விடை: அடியிலிருந்து உண்மை பிறப்பதில்லை. சுசீந்திரம் கோயிலில் ஒருகாலத்தில் கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. பழி சுமந்தவன் கொதிக்கும் நெய்யில் கையை விடவேண்டும். புண்பட்டால் குற்றவாளி, படாவிட்டால் குற்றமற்றவன். 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு அதை ஒழித்தது. இன்று அதைக் கேட்டு நகைக்கிறோம். நெய்யின் சூடு நெஞ்சிலுள்ள உண்மையை எப்படி அறியும் என்கிறோம். லத்தியின் வலி மட்டும் அறியுமோ? கொதிக்கும் நெய் பொய் சொல்லும். அடிபட்ட உடலும் பொய் சொல்லும். அடியை நிறுத்த எந்தச் சொல் வேண்டுமோ அந்தச் சொல்லை அது சொல்லும்.

இதை வெள்ளை ஆட்சியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை ஆராய அமைத்த குழு 1855இல் அறிக்கை தந்தது. வரி வாங்கவும் வாக்குமூலம் வாங்கவும் விரல்களைக் கிட்டியில் இட்டு நெரித்ததும், உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதும் அதில் பதிவாயின. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் எழுதிவைத்தது. இன்றைய புதிய சட்டத்திலும் அது நிற்கிறது. ஆனால், வாக்குமூலத்தைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்குரிய பகுதி மட்டும் செல்லும் என்றொரு சிறு வாயில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தச் சிறு வாயில் வழியாகப் பெருங்கொடுமை நுழைகிறது. துப்பறிய அறிவு வேண்டும், உழைப்பு வேண்டும், அறிவியற் கருவி வேண்டும். அடிக்கக் கை ஒன்றே போதும். அடி, சோம்பலின் துப்பறிதல்!

மூன்றாம் விடை: யார் அடிபடுகிறார் என்று பாருங்கள். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வாசலில் வழக்கறிஞர் வந்து நிற்பார். இந்த உரிமைகள் எழுதப்பட்டிராவிட்டாலும் அவனுக்கு அவை கிடைக்கும். எழுதப்பட வேண்டியது இல்லாதவனுக்காக. மனுநீதி என்ன செய்தது? பார்ப்பனனுக்கு உயிர்த்தண்டனைக்கு ஈடாகத் தலையை மழித்தல் போதும் என்றது. செயலைப் பாராமல் பிறப்பைப் பார்த்தது. 1871இல் வெள்ளையர் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டமும் அதையே வேறு திசையிலிருந்து செய்தது. பிறந்த குழந்தையையே குற்றவாளி என்றது. அந்தச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மறுத்துத்தான் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று. ஆனால், ஊரில் களவு நடந்தால் முதலில் எந்தத் தெருவில் தேடுகிறார்கள்? ஏட்டிலிருந்து கிழித்த பக்கம் மனத்திலிருந்து கிழிபடவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது நமக்கே கசப்பானது. குற்றம் செய்ததற்காக அல்லாமல், செய்யக்கூடும் என்பதற்காகவே அடைக்கும் தடுப்புக்காவல் இருக்கிறதே, அதற்கு 22ஆவது பிரிவே வழிவிட்டிருக்கிறது. அங்கே 24 மணி நேரக் கணக்கு இல்லை. குடியரசு பிறந்து ஒரு திங்கள் அளவிலேயே, 1950இல், தடுப்புக்காவல் சட்டம் வந்தது. சென்னையில் சிறையிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அதை எதிர்த்து வழக்காடினார். பெரும்பான்மை நீதிபதிகள் அவரை விடுவிக்க மறுத்தனர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரலில், முறைகேடாக அடைக்கப்பட்டவன் நீதிமன்றத்தை நாடவும் வழியில்லை என்று நான்கு நீதிபதிகள் கூறினர். எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தெழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவரைக் கடந்து போயிற்று. அவர் எழுதியதே சரி என்று 2017இல் உச்சநீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சரி, நம் நாட்டில்? குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் தமிழ்நாட்டுச் சட்டம் 1982இல் வந்தது. ஓராண்டு வரை அடைத்துவைக்க அது இடந்தருகிறது. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, அந்தச் சட்டம் மாறவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கையில் கொடுமையாகத் தெரிவது, கோட்டைக்குள் நுழைந்தவுடன் கருவியாகத் தெரிகிறது. 1939இல் இந்தி எதிர்ப்புக் கைதிகளாக நடராசனும் தாளமுத்துவும் காவலில் இருக்கையிலேயே நோயுற்று மாண்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். நினைவுகூர்வதன் பொருள் என்ன? நம் பகைவனாயினும் அப்படி மாளக்கூடாது என்பதல்லவா?

இங்கேதான் அறத்தின் உரைகல் இருக்கிறது. நல்லவனுக்கு உரிமை கேட்பது எளிது. வெறுக்கத்தக்கவனுக்கு உரிமை கேட்பதே கடினம். ஆனால் வெறுக்கத்தக்கவன் என்ற முத்திரையைக் குத்துவது யார் கை? இன்று அவன் நெற்றியில் குத்திய கை, நாளை எவன் நெற்றியையும் தேடும். ஆகவே கைதியின் உரிமை கைதிக்கு நாம் இடும் பிச்சையன்று. நாம் அனைவரும் சேர்ந்து அதிகாரத்தின் கையில் பூட்டிய விலங்கு.

அந்த விலங்கைத் தளர்த்துவது யார்? காவலர் மட்டுமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்திலே, கடையடைப்பு நேரத்தை மீறினார்கள் என்று ஒரு தந்தையையும் மகனையும் பிடித்தார்கள். மருத்துவர் சான்று தந்தார். நடுவர் காவலுக்கு அனுப்பும் ஆணை தந்தார். சிறை ஏற்றுக்கொண்டது. ஏடெல்லாம் ஒழுங்கு! சில நாளில் தந்தையும் மகனும் பிணம்! காப்பதற்கென்றே வைத்த வாயில்கள் ஒவ்வொன்றும் முத்திரை குத்தி வழியனுப்பும் வாயிலாக மாறினால், எத்தனை பிரிவு எழுதி என்ன பயன்? இரவெல்லாம் அடித்தார்கள் என்று, அந்த நிலையத்திலேயே பணிபுரிந்த பெண் தலைமைக் காவலர் அஞ்சாமல் சொன்னார். சீருடைக்குள்ளும் மனச்சான்று வாழும் என்று காட்டியவர் அவர்.

நாம் என்ன செய்கிறோம்? கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு ஒருவன் படம் வருகிறது. கழிவறையில் வழுக்கி விழுந்தானாம்! படிப்பவர் சிரிக்கிறார். "நன்றாக வேண்டும்" என்கிறார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வழுக்கி விழும் அந்தக் கழிவறை எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. பொய் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆயினும் இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புத்தான் அடுத்த அடிக்கு அனுமதிச் சீட்டு. சிவகங்கையிலும் சாத்தான்குளத்திலும் ஓங்கிய கை, நம் கைதட்டலில் பழகிய கை.

இளைஞர்களே! செய்யத்தக்கது உண்டு. உங்கள் படிப்பகத்துச் சுவரில் 22ஆவது பிரிவைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். தெருவில் ஒருவரைக் கொண்டுபோனால், எந்த நிலையத்துக்கு, எந்த மணிக்கு, யார் கொண்டுபோனார் என்று குறித்துவையுங்கள். ஏட்டில் ஏறாத இரவை ஏட்டில் ஏற்றுவது அந்தக் குறிப்பே. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்க்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்று சொல்லுங்கள். நடுவர்முன் நிற்கும் அந்தச் சில நொடிகளில், அடித்தார்கள் என்றால் அடித்தார்கள் என்று வாய்திறந்து சொல்லவேண்டும் என்பதை எளியோர்க்குக் கற்பியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காதீர்கள். "சான்று எங்கே?" என்று கேளுங்கள்.

தவறு தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலேயே உயிர்விட்டான். அந்த நாணத்தைப் பாராட்டிப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் அவன் நாணத்தால் கோவலன் எழுந்து வரவில்லை. இறந்தபின் வருந்தும் அரசு நமக்கு வேண்டாம். பிடிக்கும்போதே ஆராயும் அரசு வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் குடிமக்களாக நாம் இருக்கவேண்டும்.